கைக்கு எட்டும் ஒயர்

என் வீட்டுக்காரரைக் கடையில் 'பொறுமை' என்றுதான் கூப்பிடுவார்கள். நக்கல்தான், வேறென்ன. அந்த மனிதருக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணமான இரண்டாவது மாதம், பஸ்ஸில் வேண்டுமென்றே என் காலை மிதித்தவனின் தலையைப் பிடித்து ஜன்னல் கம்பியில் மோதினார். அடுத்த வருடம் வாடகை வீட்டு மாடிப்படியில் ஒரு சண்டை, அதற்கடுத்த வருடம் பார்க்கிங்கில் ஒரு சண்டை. ஒவ்வொரு தடவையும் சட்டையில் ரத்தத்தோடு வந்து, "அவன்தான் ஆரம்பிச்சான்" என்பார். துவைக்கிறவள் நான்.

அப்புறம் குடோன் விஷயம் வந்தது. கடையின் வேன் டிரைவர் ஒயர் சுருள்களைத் திருடி விற்றுவிட்டுப் பழியை இவர் மேல் போட்டான். அந்த நேரம் இவர் கையில் டிரில்லிங் மெஷின் இருந்தது. நல்லவேளை, பிளக் செருகியிருக்கவில்லை. மெஷினாலேயே அவன் முகத்தில் அடித்தார். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. டிரைவர் ஆறு வாரம் எதையும் உறிஞ்சித்தான் சாப்பிட்டான். இவர் எட்டு மாதம் உள்ளே இருந்தார்.

என் மேலோ மகள் மேலோ ஒரு நாளும் கை பட்டதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வெளியே இத்தனை அடி அடிக்கிறவரோடு ஒரே கூரையின் கீழ் நான் எப்படித் தூங்கினேன் என்று கேட்பீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

அவர் வெளியே வந்த அன்று ஜெயில் வாசலிலேயே வைத்துச் சொன்னேன். "இன்னொரு தடவை எவன் மேலயாவது கை ஓங்கினீங்கன்னு வைங்க, நான் பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் வாசல்ல வந்து நின்னு பிரயோஜனம் இல்ல."

"சரி."

"சரின்னா?"

"ஓங்கமாட்டேன்."

அன்றிலிருந்து கோபம் வந்தால் இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார். பாக்கெட் துணி உள்ளே முறுக்கிக்கொள்வது வெளியே தெரியும். மூன்று வருடத்தில் நான்கு பேண்ட்டுக்குப் பாக்கெட் மாற்றித் தைத்தேன். தைக்கத் தைக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடையில் நானும்தான் இருக்கிறேன். வீடுகளுக்குப் பாட்டுக் கருவிகள் விற்று, பொருத்திக் கொடுக்கிற கடை. இவர் பொருத்துகிறவர். நான் போனில் கம்ப்ளைண்ட் வாங்குகிறவள். இன்ன தேதி, இன்ன மணி, இன்ன கோளாறு என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். கேட்கிற வசவை எழுத வேண்டியதில்லை.

தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. அறைக்கு ஒரு சின்னப் பெட்டி, சாப்பாட்டு டப்பா அளவுக்கு இருக்கும். வீட்டு நெட் வழியாக எல்லாப் பெட்டியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். போனில் ஒரு பாட்டைத் தட்டினால் ஹாலிலும் படுக்கையறையிலும் சமையலறையிலும் ஒரே நொடியில் பாடும். வேண்டுமானால் ஓர் அறையில் மட்டும், வேண்டுமானால் வீடு அதிர.

இவருடைய கர்வமெல்லாம் ஒயரில்தான். ஒயர் வெளியே தெரிந்தால் நடுத்தெருவில் பேண்ட் கிழிந்த மாதிரி கூசிப்போவார். சுவரை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, ஒயரைப் புதைத்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார். கைக்கு ஏதாவது தட்டுப்பட்டால் மறுபடி உடைத்துப் பூசுவார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் பெரிய வீடு என்றால் இவரைத்தான் அனுப்புவார்.

பல் டாக்டர் வீடும் பெரிய வீடுதான். கீழே கிளினிக், மேலே குடித்தனம். எட்டு அறையில் எட்டுப் பெட்டி, எல்லாம் பன்னிரண்டு வருடம் ஆனவை. டாக்டர்தான் போன் செய்வார். குரல் பஞ்சு மாதிரி இருக்கும். "மேடம், தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். பாட்டு மறுபடியும் நடுவுல நின்னுடுச்சு." போனை எடுத்ததும் அப்பன் ஆத்தாவை இழுக்கிறவர்களுக்கு நடுவில் இப்படி ஒருவர் பேசினால் யாருக்குத்தான் பிடிக்காது. இரண்டு மாதத்தில் பதினொரு தடவை கூப்பிட்டார். பதினொன்றையும் எழுதினேன். மணியையும் எழுதினேன். எழுதினேனே தவிர படிக்கவில்லை.

பழைய மாடலுக்குக் கம்பெனியே கை கழுவிவிட்டது, ஒன்றை ரிப்பேர் செய்து பயனில்லை, எட்டையும் மாற்றிவிடுங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். டாக்டர் உடனே ஒத்துக்கொண்டார். "ஒரே ஒரு விஷயம். இனிமே நடுவுல நிக்கவே கூடாது" என்றார்.

இவர் மூன்று நாள் அங்கே வேலை பார்த்தார். தினமும் சாயங்காலம் சாப்பிடும்போது கதை சொல்வார். டாக்டர் வீட்டம்மா அந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை கையை மூடிய உடுப்பு போட்டிருப்பாளாம். பாதி முகத்தைத்தான் காட்டுவாளாம், மறுபாதி எப்போதும் சுவரைப் பார்த்திருக்குமாம். "பல் டாக்டர் பொண்டாட்டிக்கே கன்னம் வீங்கியிருக்கு. எங்க போய் முட்டிக்கிறது" என்றார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாம் நாள் சமையலறை வேலை. பழைய பெட்டி அடுப்புக்குப் பக்கத்தில் மேடையின் மேலேயே இருந்தது. பிளக்கும் மேடைக்கு ஒரு சாண் மேலே. அந்தம்மா வந்து நின்றாளாம்.

"அண்ணே, இது மட்டும் பழசே இருக்கட்டுமே."

"ஒண்ணு பழசு, ஏழு புதுசுன்னா சேந்து பாடாதும்மா."

"அப்ப புதுசையும் இங்கயே வைங்க. பிளக் கைக்கு எட்டுற மாதிரி."

"எண்ணெய் தெறிக்கும், தண்ணி படும். அப்புறம் நின்னு நின்னு போகும்."

"போகட்டும்ணே. நின்னாத் தேவலை."

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் வேலையைச் சந்தேகப்படுகிறாள், புதுசும் நிற்கத்தான் போகிறது என்று குத்திக்காட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். "இனிமே நிக்கவே நிக்காதும்மா. நான் கேரண்டி" என்றார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். வெயில் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாராம்.

பிறகு தன் முழுத் திறமையையும் காட்டினார். பெட்டியை அலமாரிக்கு மேலே, ஏணி போட்டால்தான் எட்டும் உயரத்தில் வைத்தார். பிளக்கையும் மேலேயே கொண்டுபோய் ஒயரைச் சுவருக்குள் புதைத்தார். கரண்ட் போனாலும் நிற்காமலிருக்கப் பரணில் பேட்டரி வைத்தார். பழைய ஏற்பாட்டில் சமையலறைப் பெட்டிதான் மற்ற ஏழுக்கும் தலை. அது நின்றால் வீடே நின்றுவிடும். புதுசில் தலை என்று ஒன்று கிடையாது. ஒன்று போனால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும். டாக்டர் மேலே வந்து, உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்த்து, "அருமையான வேலை" என்று கைகொடுத்தார். அன்று ராத்திரி இவர் ஒரு கை சோறு கூடுதலாகவே சாப்பிட்டார்.

இவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பொருத்திய வீட்டை ஒரு வாரத்துக்குத் தன் போனிலும் இணைத்து வைத்திருப்பார். எந்த அறையில் பாடுகிறது, எவ்வளவு சத்தம், எங்காவது அறுந்துபோகிறதா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியும். வாரம் முடிந்ததும் தன்னை நீக்கிவிடுவார். நடுவில் ஒரு நாள் என்னிடம் காட்டினார். "பாரு, எட்டும் நூத்துக்குத் தொண்ணூறு சத்தத்துல ஓடுது. ஒரு தடவைகூட அறுபடல. இந்த ஆளு என்ன ரசிகன்டா சாமி, ஃபுல்லா வச்சு இருபது நிமிஷம் கேக்குறான், ஆஃப் பண்ணிடுறான்."

பொருத்தி முடித்த ஆறாம் நாள் மத்தியானம், கழற்றி வந்த பழைய பெட்டிகளைச் சாக்கிலிருந்து எடுத்து மேஜையில் பரப்பினார். தேறுகிற பாகங்களை எடுத்து வைப்பது கடை வழக்கம். ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார். ஏழும் நன்றாகப் பாடின. கோளாறுக்கெல்லாம் காரணம் என்று நினைத்த சமையலறைப் பெட்டியும் நன்றாகப் பாடியது. ஒரு மணி நேரம் பாடவிட்டார். நிற்கவில்லை.

அதைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். முகம் வேறு மாதிரி இருந்தது.

"இங்க பாரு. ஒயர் செருகுற ஓட்டை எப்படித் தேஞ்சிருக்கு பாரு. ஒரு தடவை, ரெண்டு தடவை புடுங்கினா இப்படி ஆகாது. நூத்துக்கணக்குல ஆகணும்."

ஒயரின் கழுத்தில் ஏதோ சுற்றியிருந்தது. எலக்ட்ரீஷியன் சுற்றுகிற கறுப்பு டேப் இல்லை. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி. பெட்டியின் பின்பக்கம் துரு மாதிரி நான்கு கோடு. இவர் நகத்தால் சுரண்டி, எச்சில் தொட்டுத் தேய்த்தார். சிவந்தது. காய்ந்த ரத்தத்தைப் பற்றி இவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"இது தானா நிக்கல" என்றார். "நிறுத்தியிருக்காங்க."

நான் ரிஜிஸ்டரைத் திறந்தேன். டாக்டரின் பதினொரு கம்ப்ளைண்ட். மூன்று ஐம்பது. நான்கு ஐந்து. மூன்று ஐம்பத்தைந்து. நான்கு. டாக்டர் கிளினிக்கில் உட்காருவது ஐந்து மணிக்கு. மூன்றரைக்கெல்லாம் நோயாளிகள் டோக்கனுக்காகக் கீழே வந்து உட்கார ஆரம்பித்துவிடுவார்கள். ஐந்து வரை டாக்டர் மேலே வீட்டில் இருப்பார். என் கையெழுத்தில்தான் எல்லாம் இருந்தது, அழகாக, கோடு போட்டு.

இவர் போனைத் திறந்தார். ஐந்து நாளில் நான்கு நாள், அதே நேரத்தில் எட்டு அறையும் தொண்ணூறு. முதல் நாள் பதினெட்டு நிமிடம். அடுத்து இருபது. அடுத்து இருபத்தாறு. நேற்று நாற்பத்தொன்று. முன்பெல்லாம் அவள் எப்படியாவது தவழ்ந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்குவாள். வீடு அமைதியாகும். தன் அடி தன் காதுக்கே கேட்டதும் அவன் கையை நிறுத்துவான், கீழே ஆட்கள் இருக்கிறார்களே. அப்புறம் எனக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டுக் கம்ப்ளைண்ட் கொடுப்பான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கம்ப்ளைண்ட்டைத் தீர்த்து வைத்திருந்தோம்.

"நாப்பத்தொரு நிமிஷம்" என்றார் இவர். "ஒரு தடவைகூட நிக்கல. நான் கேரண்டி குடுத்தேன்."

இரண்டு கையும் பாக்கெட்டுக்குள் போயின. மேஜை மேல் கிடந்த போனின் திரையில் எட்டுக் கோடுகள் மெதுவாக எழுந்து நின்றன. தொண்ணூறு. மணி மூன்று ஐம்பத்திரண்டு.

நான் போனைப் பிடுங்கிச் சத்தத்தைச் சுழியத்துக்கு இறக்கினேன். எட்டுக் கோடும் விழுந்தன. மூன்று நொடி. மறுபடி தொண்ணூறு. இறக்கினேன். ஏற்றினான். இறக்கினேன். இவர் பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்து இறக்கிக்கொண்டே இருந்தேன். ஒரு சிக்னலில் சிவப்பு, நிற்கவில்லை. ஒரு கார்க்காரன் கண்ணாடியை இறக்கிக் கெட்ட வார்த்தை சொன்னான். வேறு நாளாக இருந்தால் அந்தக் கண்ணாடி இருந்திருக்காது.

போய்ச் சேர எங்களுக்கு ஆன ஒன்பது நிமிடத்தில் அங்கே நடந்தது கீழே காத்திருந்தவர்கள் பிற்பாடு போலீஸில் சொல்லித்தான் தெரிந்தது. சீக்கிரம் வந்து உட்கார்ந்தவர்கள் ஐந்து பேர். பாட்டு நின்று நின்று வர, மிஷின் ரிப்பேர் என்று நினைத்தார்களாம். மூன்றாவது தடவை நின்றபோது, "கைய விடுங்க, உடையுது" என்று ஒரு பெண் குரல். நான்காவது தடவை அலறல், அதுவும் பாதியில் பாட்டில் அமுங்கியது. ஐந்தாவது தடவை குரல் இல்லை, கனமான எதையோ திரும்பத் திரும்பத் தரையில் போடுகிற சத்தம் மட்டும். ஐந்து பேரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. என் விரல்தான் அவனுக்கு இன்னும் வெறி ஏற்றியதோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இறக்காமல் இருந்திருக்க வேண்டுமா? தெரியவில்லை. கை தானாக இறக்கியது.

ஏழாவது தடவைக்குப் பிறகு கோடுகள் எழவில்லை. சுழியத்திலேயே கிடந்தன. "வேகமாப் போங்க" என்று இவர் முதுகில் குத்தினேன்.

கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனோம். வரவேற்பு மேஜைப் பெண் அப்பாயின்ட்மென்ட் நோட்டுக்குள் தலையை விட்டிருந்தாள். ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "மேல ஏதோ ரிப்பேர் போல" என்றார். இவர் அவரைப் பார்த்த பார்வையில் அவருக்குப் பல்வலி போயிருக்கும்.

மேல் வீட்டுக் கதவை டாக்டரே திறந்தான். இதற்கு மேல் 'திறந்தார்' என்று என்னால் எழுத முடியாது. வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்த கை, துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான். மூச்சு மட்டும் வாங்கியது. குரல் அதே பஞ்சுதான்.

"நான் கம்ப்ளைண்ட் எதுவும் பண்ணலையே."

"கிச்சன்ல ஒரு வேலை பாக்கி இருக்கு சார்" என்றார் இவர்.

"நாளைக்கு வாங்க."

இவர் அவனைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கைகள் பாக்கெட்டிலேயே இருந்தன. நான் பின்னால் ஓடினேன்.

சமையலறையில் ஒரு நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அலமாரிக்குக் கீழே, சுவரோரமாக அவள் கிடந்தாள். இடது கை முழங்கைக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. நெற்றிக்கு மேலே தோல் கிழிந்து ஒரு கண்ணை மூடியிருந்தது. காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கி, தரையில் அவன் செருப்புத் தடம் பதிகிற அளவுக்கு இருந்தது. வலது கையில் வளைந்துபோன ஒரு கரண்டி.

இவர் அவளைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். காலண்டர் ஒன்று ஆணியிலிருந்து அறுந்து கீழே விழுந்திருந்தது. அது மறைத்திருந்த இடத்தில் சுவர் தோண்டப்பட்டிருந்தது. ஒரு விரல் அகலம். மேடைக்குச் சற்று மேலே ஆரம்பித்து, அவள் கை எட்டுகிற உயரம் வரை. ஒயர் எந்தப் பக்கமாகப் போகிறது என்று தெரியாமல் இரண்டு இடத்தில் தப்பாகத் தோண்டி, திருத்தி, மறுபடி தோண்டியிருந்தாள். இவர் பூசிய பட்டியின் தூள் அவள் முடியெல்லாம் கிடந்தது. ஐந்து நாளும் அவன் இல்லாத நேரத்தில் கரண்டியால் சுரண்டி, காலண்டரை மாட்டி மறைத்திருக்கிறாள். ஒயரைத் தொட இன்னும் மூன்று விரல் ஆழம் பாக்கி. இவர் எப்போதும் ஆழமாகத்தான் புதைப்பார்.

அப்போதுதான் பின்னாலிருந்து முதல் அடி விழுந்தது. ஹாலில் ஸ்பீக்கரைத் தாங்கி நின்ற இரும்புக் குழாய். இவர் தோளில் பட்டுக் காதைக் கிழித்தது. இவர் திரும்பினாரே தவிர கையை எடுக்கவில்லை. "அத்துமீறி வீட்டுக்குள்ள வந்திருக்கீங்க" என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே டாக்டர் இரண்டாவது முறை ஓங்கினான். அது நெற்றிப்பொட்டில் விழுந்தது. இவர் முட்டி மடங்கி, மேடையில் சாய்ந்து, மறுபடி நின்றார். ரத்தம் புருவத்தில் வழிந்து வாய்க்குள் போயிற்று. பாக்கெட்டுக்குள் விரல்கள் துணியை முறுக்குவது தெரிந்தது. தையல் விடுகிற சத்தம்கூடக் கேட்டது.

மூன்றாவது முறை ஓங்கும்போது இவர் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அடிங்க" என்றேன்.

அதற்கப்புறம் நடந்ததை நான் அழகாகச் சொல்லப்போவதில்லை. குழாயை இடது கையால் பிடித்து, வலது கையால் அவன் வாயில் குத்தினார். பல் டாக்டரின் பற்கள் நான்கு தரையில் தெறித்து, ஒன்று என் காலடிக்கு வந்தது. அவன் தலைமுடியைப் பிடித்து அந்தத் தோண்டிய சுவரிலேயே மோதினார், மூக்கு உட்கார்ந்துவிட்டது. அவன் துண்டால் துடைத்துக்கொண்டு வந்த வலது கையை மேடை விளிம்பில் வைத்து முழங்காலால் அழுத்தினார். விரல் எலும்புகள் ஒவ்வொன்றாகச் சொடக்குப் போட்டன. அவன் அலறினான். பாட்டு இல்லாத வீடு, கீழே இருக்கிற ஐந்து பேருக்கும் தெளிவாகக் கேட்டிருக்கும். என் மனதின் ஒரு மூலை அதைக் கேட்டுக் குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் கைக்குட்டையை நெற்றியில் வைத்து அழுத்தினேன். ஒரு கண் திறந்தது.

"நின்னுடுச்சா?" என்றாள்.

"நின்னுடுச்சும்மா."

"யாரு புடுங்கினா?"

கைக்குட்டையை இன்னும் அழுத்திப் பிடித்தேன். திரும்பி, "போதுங்க" என்றேன். அவர் காதில் ஏறவில்லை. "போதும், செத்துடுவான்" என்று கத்தினேன். அதுவும் ஏறவில்லை. கடைசியில் ஒரு பாத்திரத் தண்ணீரை அவர் முகத்தில் வீசினேன். தெருநாயைப் பிரிக்கிற வைத்தியம், மனிதனுக்கும் கேட்டது.

ஆம்புலன்ஸ் வந்தது, போலீஸ் வந்தது. பழைய கேஸ் ஏற்கெனவே இருந்ததால் இவருக்குப் பதினாலு மாதம். டாக்டர் ஒரு வாரத்தில் ஜாமீனில் வந்துவிட்டான். இடம் மாறி, பொய்ப்பல் கட்டிக்கொண்டு, வேறு கிளினிக் வைத்திருக்கிறான் என்று கேள்வி. அவன் மேல் உள்ள வழக்கு இன்னும் நடக்கிறது, நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. காத்திருந்த ஐந்து பேரில் இரண்டு பேர்தான் சாட்சிக்கு வந்தார்கள். அந்தக் கன்னம் பிடித்தவர் வந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தம்மா தன் அக்காவோடு இருக்கிறாள். கைக்குள் இரும்புத் தகடு. ஒரு காது கேட்காது. மாதம் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். அக்கா வீட்டில் டிவியைக்கூட மெதுவாகத்தான் வைப்பார்கள்.

நான் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. அடிக்கச் சொன்னவளே நான், பிறகு எந்த முகத்தோடு போவது. மகள் மட்டும் ஒரு நாள், "அப்பா மறுபடியும் அடிச்சிட்டாராம்மா?" என்றாள். "ஆமா. இந்தத் தடவை நான்தான் சொன்னேன்" என்றேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு படிக்கப் போனாள்.

அவர் வெளியே வந்து மறுபடி வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. முதலாளி நல்லவர், இடம் கொடுத்தார். ஆனால் இப்போது அவருக்கே இவரோடு தகராறு. "முன்னாடியெல்லாம் உன் வேலையைக் கண்ணாடியில முகம் பாக்குற மாதிரி பாப்பேன். இப்ப மூணு வீட்டுல அசிங்கமா இருக்குன்னு சொல்றாங்க. கிச்சன்ல ஒயரைத் தொங்க விட்டுட்டு வர்றியாமே?"

"கிச்சன்ல அப்படித்தான் முதலாளி."

"எவன் சொன்னான்?"

கை பாக்கெட்டுக்குப் போகும்.

மற்ற அறைகளில் பழைய மாதிரியே புதைத்துப் பூசித் தடவிப் பார்க்கிறார். சமையலறையில் மட்டும் ஒயர் வெளியே, இடுப்பு உயரத்தில். வீட்டுக்கு நெட் கொடுக்கிற பெட்டிக்கான கரண்ட்டையும் அந்தப் பிளக் வழியாகவே கொண்டுபோகிறார். அதைப் பிடுங்கினால் மொத்த வீடும் ஊமை. பேட்டரி வைப்பதை விட்டுவிட்டார். வேலை முடிந்ததும் அந்த வீட்டம்மாவைக் கூப்பிட்டு, "ஒரு தடவை நீங்களே இழுத்துப் பாருங்கம்மா" என்பார். பெரும்பாலும் எல்லோரும் சிரித்துக்கொண்டே இழுப்பார்கள். சிலர், இந்த ஆளுக்கு மறை கழன்றுவிட்டதா என்கிற மாதிரி பார்ப்பார்கள். ஒருத்தி அவளே எனக்குப் போன் செய்து கம்ப்ளைண்ட் கொடுத்தாள். எழுதிக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு வீடு. வங்கி மேனேஜர், ஆறு அறை, எல்லாம் பழைய பெட்டி, எல்லாம் புதுசாக மாற்ற வேண்டும். இவர் மூன்று மணிக்குக் கடைக்குத் திரும்பி வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். டீ வாங்கி வைத்தேன். தொடவில்லை.

"அந்தம்மாவை இழுத்துப் பாக்கச் சொன்னேன்" என்றார். "இழுத்துச்சு. சிரிக்கல. பிளக்கைக் கையிலயே வச்சுக்கிட்டு, எல்லா ரூம்லயும் நின்னுடுமான்னு கேட்டுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"எல்லாத்துலயும் நிக்கும்மான்னேன். மறுபடி செருகினா எவ்வளவு நேரத்துல வரும்னு கேட்டுச்சு. ரெண்டு நிமிஷம் ஆகும்னேன்." டீ டம்ளரை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். "இன்னும் கொஞ்சம் லேட்டா வர்ற மாதிரி பண்ண முடியுமாண்ணேன்னு கேட்டுச்சு."

நான் ரிஜிஸ்டரை இழுத்து அந்த வீட்டு விலாசத்தை எழுதினேன். கோளாறு என்கிற கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. மணி என்கிற கட்டத்தில் மூன்று இருபது என்று எழுதினேன். அவர் போனை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில், திரை மேலே தெரிகிற மாதிரி வைத்தார். ஆறு கோடும் கீழே படுத்திருந்தன. பைக் சாவி என் கைப்பையில்தான் இருந்தது. அதை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன்.